ஆண்களுக்கான அழகு அறுவை சிகிச்சை: தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் கேள்விகள்

ஆண்கள் ஆலோசனைக்கு வந்தால் முக்கியமான கேள்வியைக் கடைசியில்தான் கேட்பார்கள். தோலில் ஒரு மச்சம், முதுகில் ஒரு கட்டி என்று எதையாவது காட்டிவிட்டு, எழுந்து, கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி, "டாக்டர், இன்னொரு விஷயம்..." என்று இழுப்பார்கள். அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் வந்திருப்பார்கள். பிளாஸ்டிக் சர்ஜனாக நான் அப்படிக் கேட்டுக்கேட்டுப் பழகிய கேள்விகள் இவை. நேரில் செய்யும் பரிசோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் நேரில் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம்.

ஆம்பளை இதற்கெல்லாம் போவது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லையா?

இல்லை. இந்தத் துறை வளர்ந்ததே ஆண்களின் முகத்தில்தான். முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டிய வீரர்கள் பலருக்குத் தாடையும் மூக்கும் சிதறிப்போயின. அவர்களுக்கு மறுபடி ஒரு முகம் கொடுக்க, ஹரோல்ட் கில்லிஸ் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் சிட்கப்பில் வகுத்த முறைகள்மேல்தான் இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரி நிற்கிறது. அதற்கு வெகு காலம் முன்பே, 7ஆம் நூற்றாண்டில், ஏஜினாவைச் சேர்ந்த பவுல் என்ற கிரேக்க மருத்துவர் ஆண்களின் பருத்த மார்பைக் குறைக்கும் அறுவையை எழுதி வைத்திருக்கிறார். ஆக, இந்தக் கவலைக்கு 1,300 வயதுக்கு மேல் ஆகிறது.

வெட்கத்தைவிட எனக்குப் பயம் தருவது ரகசியம். வீட்டில் யாருக்கும் சொல்லாமல், விடுப்புக்குப் பொய்க் காரணம் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட ஒருவரும் இல்லாமல் தனியாக வருகிறார்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே மயக்க மருந்து நிபுணர்கூட இல்லாத சின்ன இடமாகத் தேடிப் போகிறார்கள். ஏதாவது ஆனபிறகும் சொல்லக் கூச்சப்பட்டு நாள் கடத்துகிறார்கள். அப்படித் தாமதமாக வந்தவர்களைப் பார்த்துப்பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல இருக்கிறது. இது நோயா?

பனியனுக்கு மேல் இறுக்கமாக இன்னொரு சட்டை, நீச்சல் குளத்துப் பக்கமே போகாமை, கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டே நிற்பது, கூன் போட்டு நடப்பது. இந்தப் பழக்கங்களை வைத்தே, ஆள் வாய் திறப்பதற்கு முன்பு, எனக்கு விஷயம் தெரிந்துவிடும். பத்து வருடம் இப்படி வாழ்ந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் முதலில் சொல்வது, இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒன்று என்பதைத்தான்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. வெறும் கொழுப்பு சேர்ந்திருப்பது ஒன்று. காம்புக்கு அடியில் சுரப்பித் திசு வளர்ந்திருப்பது மற்றொன்று. இதற்குக் கைனகோமாஸ்டியா என்று பெயர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காம்பைச் சுற்றி மெல்ல அழுத்தினால், ரப்பர் வட்டுபோல ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி. கொழுப்பு என்றால் அப்படித் தனியாக எதுவும் தட்டுப்படாது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

பருவ வயதில் பையன்களுக்கு இது வருவதும், பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானாக வடிவதும் இயல்பு. பதினான்கு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பாக்களிடம் பரிசோதித்துவிட்டு, காத்திருங்கள் என்றுதான் சொல்வேன். கூடவே, வீட்டில் அவனைக் கேலி செய்ய விடாதீர்கள் என்றும் சொல்வேன்.

பெரியவர்களுக்குப் புதிதாக வந்தால் காரணம் தேடாமல் கத்தியை எடுக்கக்கூடாது. ஸ்பைரனோலாக்டோன், சிமெடிடின், ரிஸ்பெரிடோன், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைட் போன்ற மருந்துகள் இதைக் கொண்டுவரலாம். கல்லீரல் சுருக்க நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, க்ளைன்ஃபெல்டர் எனப்படும் பிறவிக் குரோமோசோம் மாறுபாடு ஆகியவற்றிலும் வரும். அரிதாக விரைக் கட்டி ஒன்று தன் இருப்பை இப்படி அறிவிப்பதும் உண்டு. அதனால்தான் மார்பைக் காட்ட வந்தவரிடம் விரையையும் பரிசோதிக்க வேண்டும் என்கிறோம். சங்கடப்படாதீர்கள், அது அவசியம்.

ஒரு பக்கம் மட்டும், கெட்டியாக, காம்பிலிருந்து விலகி ஒரு கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தக் கசிவு. இவற்றில் எது இருந்தாலும் அழகு சிகிச்சைப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். மார்பகப் புற்றுநோயில் சுமார் 1 சதவீதம் ஆண்களுக்கு வருவது.

தண்டால் எடுத்தால் போய்விடாதா?

கொழுப்பு மட்டும் என்றால் எடை குறையும்போது குறையும். சுரப்பி என்றால் குறையாது. அடியில் இருக்கும் தசை வளர்ந்து அதை இன்னும் முன்னால் தள்ளிக் காட்டும். ஜிம்மில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டுத் தன்மேலேயே கோபப்படுகிறவர்களுக்கு இது தெரிந்தால் கொஞ்சம் நிம்மதி.

ஜிம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டு ஊசிகள் உடலுக்குள் பெண் ஹார்மோனாகவும் மாறுகின்றன. மார்பு வளர அதுவே காரணமாகலாம். ஊசியை நிறுத்தாமல் அறுவை செய்துகொண்டால் மிச்சமிருக்கும் திசு மறுபடி வளரும். இதை மறைப்பவர்கள் அதிகம். என்னிடம் மறைத்தாலும் பரவாயில்லை, மயக்க மருந்து கொடுப்பவரிடம் மறைக்கவே மறைக்காதீர்கள். உங்கள் இதயத்தையும் ரத்தம் உறையும் விதத்தையும் அது மாற்றியிருக்கக்கூடும்.

அந்த அறுவையில் என்ன செய்கிறார்கள்? தழும்பு தெரியுமா?

காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில், நிறம் மாறும் கோட்டிலேயே, சின்னதாகக் கீறிச் சுரப்பியை எடுப்பார்கள். சுற்றியுள்ள கொழுப்பை ஒரு மெல்லிய குழாயால் உறிஞ்சுவார்கள். தழும்பு நிறமாற்றக் கோட்டில் அடங்கிவிடும். தோல் மிக அதிகமாகத் தொங்கினால் தோலையும் எடுக்க வேண்டிவரும். அப்போது தழும்பு பெரிதாகவே இருக்கும். அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு போக வேண்டும்.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுங்கள் டாக்டர் என்று கேட்பார்கள். அப்படி எடுத்தால் காம்பு உள்ளே குழிந்து தட்டுபோல ஆகிவிடும்; அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். ஒரு மெல்லிய படலத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பது கைத்திறனின் பகுதி.

ரத்தம் கட்டுவது, நீர் கோப்பது, காம்பில் உணர்ச்சி குறைவது, இரண்டு பக்கமும் சற்று வேறுபடுவது ஆகியவை தெரிந்த சிக்கல்கள். இறுக்கமான அழுத்தப் பனியனை நான்கு முதல் ஆறு வாரம் போட வேண்டியிருக்கும். மேசை வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். எடை தூக்க ஆறு வாரம் பொறுங்கள். மூன்றாவது வாரமே பெஞ்ச் பிரஸ் செய்துவிட்டு வீக்கத்தோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

முடி நடும் சிகிச்சை உண்மையிலேயே பலன் தருமா?

தரும். ஆனால் அது என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால்தான் ஏமாறாமல் இருக்கலாம்.

எவ்வளவு வழுக்கை விழுந்த தலையிலும் பின்பக்கமும் காதுகளுக்கு மேலும் ஒரு வளையம்போல முடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேர்கள், வழுக்கைக்குக் காரணமான டி.எச்.டி. ஹார்மோனுக்கு அசையாதவை. பெயர்த்து முன்னந்தலையில் நட்டாலும் தங்கள் குணத்தை விடாது. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950களில் இதைக் கவனித்து 1959இல் வெளியிட்டார். இன்றைய முடி நடுதல் முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பின்மேல் நிற்கிறது.

அதாவது புதிதாக ஒரு முடிகூட உண்டாக்கப்படுவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறோம். பின்னந்தலை ஊறாத கிணறு, இறைத்தது இறைத்ததுதான். வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கக்கூடிய வேர்த்தொகுதிகள் ஆளைப் பொறுத்து சில ஆயிரங்களே. ஒரு வேர்த்தொகுதியில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும். அதனால் இருபது வயதின் அடர்த்தி திரும்ப வராது. நெற்றிக்கோட்டைப் பதினாறு வயதுப் பையனுக்குப்போலக் கீழே இறக்கி நட்டால் இப்போது நன்றாக இருக்கும். ஐம்பதில் அதற்குப் பின்னால் எல்லாம் கொட்டி, முன்னால் மட்டும் ஒரு வேலி நிற்கும். நல்ல மருத்துவர் நீங்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் மேலே கோடு போடுவார். அதற்காக அவரிடம் சண்டை போடாதீர்கள்.

பின்னந்தலையில் ஒரு நீளப் பட்டையாகத் தோலை வெட்டி வேர்களைப் பிரிப்பது எஃப்.யு.டி. முறை. முடியை ஒட்ட மழித்து, ஒவ்வொரு வேர்த்தொகுதியாக நுண்ணிய துளைக் கருவியால் எடுப்பது எஃப்.யு.இ. முறை. முன்னதில் ஒரு கோடாகத் தழும்பு இருக்கும். ஒட்ட வெட்டினால்தான் தெரியும். பின்னதில் புள்ளி புள்ளியாகத் தழும்பு. தழும்பே இல்லாத முறை என்று விளம்பரத்தில் படித்தால் நம்ப வேண்டாம்.

இரண்டாயிரம், மூவாயிரம் வேர்த்தொகுதிகள் நட ஒரு நாள் முழுதும் ஆகலாம். தலையை மரத்துப்போகச் செய்துதான் செய்கிறார்கள். அந்த ஊசி போடும் நேரம்தான் வலி. நட்ட முடி இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிரத் தொடங்கும். பலர் பதறிப்போய் ஓடிவருவது அப்போதுதான். வேர் உள்ளேதான் இருக்கிறது, உதிர்வது மயிர்த்தண்டு மட்டும். மூன்று, நான்கு மாதத்தில் முளைக்க ஆரம்பிக்கும். முழுப் பலன் தெரிய ஓர் ஆண்டு ஆகும். உச்சந்தலைக்கு இன்னும் கூடுதல்.

எனக்கு 21 வயது. முன்னந்தலை ஏறிக்கொண்டே போகிறது. இப்போதே நட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று இந்த வயதில் யாராலும் கணிக்க முடியாது. இப்போது கிணற்றைக் காலி செய்துவிட்டால் நாற்பதில் இறைக்க நீர் இருக்காது. முதலில் மருந்து. தலையில் தடவும் மினாக்சிடில், வாய்வழியே எடுக்கும் ஃபினாஸ்டிரைட் இரண்டும் பல்லாண்டுப் பயன்பாட்டில் தேறியவை. ஃபினாஸ்டிரைட் முடி உதிர்வுக்காக அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. இரண்டும் எடுக்கும் வரைதான் வேலை செய்யும், நிறுத்தினால் பழைய கதி. ஃபினாஸ்டிரைட்டால் சிலருக்குப் பாலுணர்வு குறைகிறது, மனச்சோர்வு வருகிறது. அப்படி ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த மாத்திரை பிராஸ்டேட் பரிசோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் எடுப்பவரிடம் மாத்திரை எடுப்பதைச் சொல்லாவிட்டால் புற்றுநோயின் முதல் தடயம் கண்ணில் படாமல் போகலாம்.

நட்ட பிறகும் இந்த மருந்துகள் பெரும்பாலும் தொடரும். நட்ட முடி நிற்கும். அதைச் சுற்றி ஏற்கெனவே இருந்தது உதிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

தொப்பையை உறிஞ்சி எடுத்துவிட முடியுமா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, வயிற்றைத் தளர்த்தி, தொப்பையைக் கையால் கிள்ளுங்கள். கைநிறையச் சதை வந்தால் அது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, லைப்போசக்‌ஷனில் எடுக்கலாம். கிள்ள வராமல் வயிறு பானைபோல மேடாகவே நின்றால், கொழுப்பு தசைச் சுவருக்குப் பின்னால், குடலைச் சுற்றி இருக்கிறது. அங்கே எந்தக் குழாயும் போகக்கூடாது. ஆண்களின் தொப்பை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இதயத்துக்குக் கெடுதல் செய்வதும் இதுதான். ஆறுதலான செய்தி, எடை குறைய ஆரம்பித்தால் இது நன்றாகவே கரையும்.

லைப்போசக்‌ஷன் எடை குறைக்கும் வழி இல்லை. உடற்பயிற்சிக்கும் அசையாமல் இடுப்போரத்தில், மார்பில், தாடைக்கு அடியில் நிற்கும் கொழுப்புக்கு உருவம் கொடுக்கும் வழி. 1987இல் ஜெஃப்ரி க்ளைன் என்ற தோல் மருத்துவர், உப்புநீரில் மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் மிக நீர்த்துக் கலந்து முதலில் உள்ளே செலுத்தும் முறையை எழுதினார். அதன் பிறகுதான் ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்து இது பாதுகாப்பானது. ஆனாலும் ஒரே தடவையில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுப்பது பெரிய அறுவை. இரவு மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். எத்தனை லிட்டர் எடுப்பீர்கள் என்று பெருமையாகக் கேட்காதீர்கள். எடுத்ததைவிட விட்டு வைத்ததில்தான் வடிவம் இருக்கிறது.

நூறு கிலோவிலிருந்து அறுபதுக்கு இறங்கியவர்களுக்குப் பிரச்சினை வேறு: கொழுப்பு போய்த் தோல் பையாகத் தொங்கும். அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகு வாருங்கள்.

கத்தியே இல்லாமல் கொழுப்பை உறையவைத்துக் கரைக்கிறார்களாமே?

ஓரளவு குறைக்கும். ஆனால் சிலருக்கு, கரைவதற்குப் பதில் அந்த இடத்தில் கொழுப்பு கெட்டியாகப் பெருகிவிடுகிறது. அரிதானதுதான், ஆனால் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வந்துவிட்டால் தானாகப் போகாது, அறுவைதான் வழி. கையெழுத்துப் போடும்முன் இதைச் சொன்னார்களா என்று பாருங்கள்.

தூங்கி எழுந்தாலும் களைத்த முகம் என்கிறார்கள். கண்ணுக்கு ஏதாவது செய்யலாமா?

மேல் இமைத் தோல் தளர்ந்து மடிவதும், கீழே பை விழுவதும் ஐம்பதை நெருங்கும் ஆண்கள் அதிகம் வருத்தப்படும் விஷயம். உள்ளே களைப்பே இருக்காது, ஆனால் அலுவலகத்தில் எல்லாரும் உடம்பு சரியில்லையா என்பார்கள். இமை அறுவை இதற்கு நல்ல பலன் தருகிறது. மேல் இமையை மரத்துப்போக ஊசி போட்டே செய்யலாம். தையல் ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். பத்து நாளில் வெளியே தலைகாட்டலாம்.

ஆணின் கண் பெண்ணின் கண் அல்ல என்பது தெரிந்தவரிடம் போங்கள். ஆணின் புருவம் கண்குழி எலும்பின் மேல் கிட்டத்தட்ட நேராக இருக்கும். இமையும் சற்றுக் கனமாக இருக்கும். அதை வில்லாக உயர்த்தி, தோலை நிறைய எடுத்துவிட்டால் முகத்தின் சாயலே மாறிப்போகும். செய்தது குறைவாகத் தெரிவதுதான் இங்கே வெற்றி.

கண் உலர்வு இருந்தால் முன்பே சொல்லுங்கள். அறுவைக்குப் பின் கண்ணில் திடீரென்று கடும் வலி, அழுத்தம், பார்வை மங்கல் வந்தால் அது கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவதாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியது.

மூக்கு அறுவையில் ஆண்களுக்கு என்ன வித்தியாசம்?

ஆணுக்கு மூக்குத் தண்டு நேராக, சற்று உயர்ந்து இருப்பதும், நுனிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள கோணம் சுமார் 90 முதல் 95 டிகிரி இருப்பதும் இயல்பாகக் கொள்ளப்படுகிறது. பெண்களுக்கு அது கூடுதல். நுனியைத் தூக்கிவிட்டால் ஆண் முகத்தில் ஒட்டாது. தடித்த தோல் உள்ளவர்களுக்கு வீக்கம் முழுதாக வடிய ஓர் ஆண்டு ஆகும். மூன்றாம் மாதம் கண்ணாடி பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மூச்சு அடைப்பு இருந்தால் சொல்லுங்கள், நடுச்சுவரையும் அப்போதே நேராக்கலாம். சில சமயம் மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் தாடை உள்வாங்கியிருப்பது. பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

போடாக்ஸ், ஃபில்லர் ஊசிகள்?

போடாக்ஸ் சுருக்கம் விழவைக்கும் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. ஆண்களுக்குத் தசை பெரிது, அதனால் மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும். மூன்று, நான்கு மாதம் நிற்கும். ஃபில்லர் என்பது குழிந்த இடத்தை நிரப்பும் ஊசி. அதில் ஹயலுரானிக் அமிலம் சார்ந்ததை மட்டும் கேளுங்கள். தவறு நேர்ந்தால் கரைக்க மருந்து இருக்கிறது. ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் செத்துப்போகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். அந்தக் கரைக்கும் மருந்து அறையில் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். திரவ சிலிக்கோன் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், எந்த இடத்துக்குச் சொன்னாலும், வேண்டாம்.

முகத் தோலை இழுத்துத் தைத்தால் தாடி என்ன ஆகும்?

நல்ல கேள்வி, பலரும் கேட்க மறப்பது. தாடி முளைக்கும் தோல் காதை நோக்கி நகரும். கவனமில்லாமல் செய்தால் காதுமடலின் முன்குமிழிலேயே முடி முளைக்கும், காதுக்குப் பின்னாலும் சவரம் செய்யவேண்டி வரும். தாடி வேர்களுக்கு ரத்த ஓட்டம் அதிகம். அதனால் ஆண்களுக்கு இந்த அறுவையில் ரத்தம் கட்டும் வாய்ப்பு பெண்களைவிடக் கூடுதல். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். கன்னம் சில வாரம் மரத்திருக்கும், அதுவரை மின்சார ரேசரைப் பயன்படுத்துங்கள்.

ஆணுறுப்பைப் பெரிதாக்கும் அறுவை...

இந்தக் கேள்வியை யாரும் முடிப்பதில்லை. நானே முடித்துச் சொல்கிறேன்.

இதற்காக வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அளவு இயல்பானது. 15,000க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவீடுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியான ஆய்வில், விறைத்த நிலையில் சராசரி நீளம் 13 சென்டிமீட்டர்தான். இணையத்தில் கண்டதை அளவுகோலாக வைத்துக்கொண்டு இளைஞர்கள் வருடக்கணக்கில் உள்ளுக்குள் நொந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

தாங்கும் தசைநாரை வெட்டி நீளமாக்குவது, கொழுப்பை ஊசியால் ஏற்றித் தடிமனாக்குவது ஆகியவை பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ நிரூபிக்கப்படவில்லை என்பதே அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் நிலைப்பாடு. தழும்பு இறுகிக் குட்டையாவது, விறைப்பின்போது கோணம் தாழ்வது, கொழுப்பு கட்டி கட்டியாக நிற்பது ஆகியவை நடக்கின்றன. நான் இதைச் செய்வதில்லை. அடிவயிற்றுக் கொழுப்பு குறைந்தால் மறைந்திருக்கும் பகுதி வெளியே தெரியும். அதையும் மீறி வேதனை தீராவிட்டால் பாலியல் மருத்துவ நிபுணர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். உண்மையிலேயே மிகச் சிறிதாக இருப்பவர்களுக்கும், வளைவு, விறைப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிறுநீரகவியலில் முறையான சிகிச்சை இருக்கிறது.

உயரம் கூட்டிக்கொள்ள முடியுமாமே?

காலெலும்பை வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கி, இடைவெளியில் புது எலும்பு வளர விடுவது. விபத்தில் எலும்பு இழந்தவர்களுக்கும் கால் குட்டையானவர்களுக்கும் இலிசரோவ் என்ற சோவியத் மருத்துவர் வளர்த்தெடுத்த அற்புதமான முறை. ஐந்து சென்டிமீட்டருக்கு ஐம்பது நாள் இழுக்க வேண்டும். எலும்பு கெட்டிப்பட அதற்குப் பின் பல மாதம். நரம்பும் தசையும் மூட்டும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். நன்றாக ஓடும் ஆரோக்கியமான கால்களை இதற்குக் கொடுக்கச் சொல்லி என்னால் சொல்ல முடியாது.

ஒரு டாக்டர் எனக்குச் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். வேறு இடம் பார்க்கட்டுமா?

ஏன் என்று கேட்டீர்களா? உடல் காரணமாக இருக்கலாம். சர்க்கரை, இதயம், புகை. அல்லது நீங்கள் சுட்டிக்காட்டும் குறை மற்றவர் கண்ணுக்குத் தெரியாததாக இருக்கலாம்.

கண்ணாடி முன் தினமும் மணிக்கணக்கில் நிற்பது, அல்லது கண்ணாடியே பார்க்காமல் இருப்பது, அந்த ஒரு குறைக்காக வேலைக்கோ நண்பர்களிடமோ போகாமல் ஒதுங்குவது, ஏற்கெனவே செய்த அறுவை எதிலும் திருப்தி வராமல் இருப்பது. இவை பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்ற மனநலச் சிக்கலின் அடையாளங்கள். பொதுமக்களில் நூற்றுக்குச் சுமார் இருவருக்கு இருக்கிறது. அழகு சிகிச்சைக்கு வருபவர்களிடம் இன்னும் அதிகம். நன்றாக வளர்ந்த உடலையும் நோஞ்சான் என்றே காணும் வகை ஆண்களிடம் அதிகம். கத்தி இதைக் குணப்படுத்தாது. பலருக்கு அறுவைக்குப் பின் வேதனை கூடுகிறது, அல்லது வேறோர் இடத்துக்குத் தாவுகிறது. முறையான உளவியல் சிகிச்சைக்கும் மருந்துக்கும் இது நன்றாகவே கட்டுப்படுகிறது. மறுத்தவர் உங்களை மதித்துத்தான் மறுத்திருக்கிறார். சரி என்று சொல்லும் ஆள் கிடைக்கும்வரை கதவு தட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒருவர் கிடைப்பார். எனக்கு அவரை நினைத்துத்தான் கவலை.

விவாகரத்து, வேலை இழப்பு, சாவு என்று பெரிய அடி விழுந்த ஆறு மாதத்துக்குள் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

சிகரெட்டை எத்தனை நாள் விட வேண்டும்?

அறுவைக்கு நான்கு வாரம் முன்பிருந்து நான்கு வாரம் பின்புவரை. நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இழுத்துத் தைத்த தோலின் ஓரம் கறுத்துச் செத்துப்போகும். வேப், நிகோடின் மெல்லுபசை, ஒட்டுப்பட்டை எல்லாவற்றிலும் அதே நிகோடின்தான். ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜிம் பொடிகள் என எதை எடுத்தாலும் பட்டியல் எழுதிக் கொடுங்கள். இதய நோய்க்காக ரத்தம் இளக மருந்து எடுப்பவர்கள் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்தக்கூடாது.

சரியான சர்ஜனை எப்படிக் கண்டுபிடிப்பது?

அழகியல் நிபுணர் என்ற பட்டம் யாரும் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையான மேற்படிப்பும் பதிவும் இருக்கிறதா என்று மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். பிறகு நேரில் கேளுங்கள்: இந்த அறுவையை ஆண்களுக்கு எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள், உங்கள் கையில் என்ன சிக்கல்கள் வந்திருக்கின்றன, மயக்க மருந்து யார் கொடுப்பார், இதயம் நின்றால் இந்தக் கட்டடத்தில் என்ன வசதி இருக்கிறது, திருத்தம் தேவைப்பட்டால் செலவு யாருடையது. முடி நடுதல் என்றால், வேரை எடுப்பவரும் துளை போடுபவரும் மருத்துவரா, பயிற்சி பெற்ற உதவியாளரா, தெருவிலிருந்து நேற்று வந்தவரா என்று கேளுங்கள். எனக்குச் சிக்கலே வந்ததில்லை என்கிறவர் உண்மை சொல்லவில்லை. இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனைவியிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஒருவரிடமாவது சொல்லுங்கள். மயக்கம் கொடுத்த பிறகு நீங்களே வண்டி ஓட்டக்கூடாது. முதல் 24 மணி நேரம் கூட ஓர் ஆள் வேண்டும். சண்டையாகிவிடும் என்று பயந்து மறைத்தவர்களின் மனைவிமார் பலர் பிறகு என்னிடம் கேட்டது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதைத்தான். அலுவலகத்துக்கு எதுவும் விளக்கத் தேவையில்லை. சின்ன அறுவை என்றால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு எதற்குப் பயப்பட வேண்டும்?

இரண்டு பக்கமும் ஓரளவு வீங்குவது, நீலம் பாரிப்பது, மரத்துப்போவது, மூன்றாம் நாள் மனம் சோர்வது எல்லாம் எதிர்பார்த்ததே. ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் கல்லாக வீங்கி வலி ஏறினால் ரத்தம் கட்டுகிறது; பெரும்பாலும் முதல் நாளிலேயே நடக்கும். காய்ச்சல், சிவந்து சூடாகும் தோல், நாற்றமுள்ள கசிவு என்றால் சீழ். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காலில் ரத்தக்கட்டி உருவாகியிருக்கலாம், நுரையீரலுக்கே போயிருக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், எங்களைப் பிறகு கூப்பிடலாம்.

மற்றவற்றுக்கு விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் சர்ஜன் கொடுத்த எண்ணில் போனை எடுப்பது யார் என்பதை அறுவைக்கு முந்தைய நாளே கேட்டு, கூட இருக்கப்போகிறவரின் போனிலும் பதிந்து வையுங்கள்.